ஹோட்டல் சாப்பாட்டின் கலோரியை நம்பும்படி கணக்கிட வழி உண்டா?

கேள்வி: பாதிமாதம்_வெளியூர்

வணக்கம். எனக்கு ஆடிட் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பேன். ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கும்போது கவலையில்லை. அரிசியை நிறுத்து, எண்ணெயை ஸ்பூனால் அளந்து, எல்லாவற்றையும் ஆப்பில் போட்டுவிடுவேன். அந்த வாரங்களில் எடை ஒழுங்காக இறங்குகிறது. வெளியூர் போனால் அப்படியே நின்றுவிடுகிறது, சில சமயம் ஏறவும் செய்கிறது.

கண்டதையும் வாங்கிச் சாப்பிடும் ஆள் இல்லை நான். பெரும்பாலும் கொஞ்சம் சோறு, க்ரில் செய்த கோழி, வதக்கிய காய்கறி. இனிப்பு கிடையாது, குளிர்பானம் கிடையாது. நேற்று மதியமும் இதேதான். ஆப்பில் கூட்டிப் பார்த்தேன்: சோறு 195, கோழி 250, காய் 60, தொட்டுக்கொண்ட சாஸ் 15, ஆக 520. ஆனால் அதே ஆப்பில் 'க்ரில் சிக்கன்' என்று தேடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள் வரிசையாக வருகின்றன. எதை எடுப்பது? மெனுவிலேயே கலோரி போட்டிருந்தால் அதை அப்படியே எழுதிக்கொள்ளலாமா? கிளையன்ட்டோடு உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் தராசை எடுத்து வைக்க முடியாது. கண்ணால் பார்த்தே ஓரளவுக்குச் சரியாகச் சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி.

பதில்: அடுப்படி_ஆள்

பல வருடம் ஹோட்டல் கிச்சனில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு ஆஸ்பத்திரி சமையலறையில் இருக்கிறேன். இங்கே நோயாளிக்குப் போகும் ஒவ்வொரு தட்டுக்கும் எண்ணெய் முதற்கொண்டு அளவு உண்டு. இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் சோற்றுக் கணக்கிலும் கோழிக் கணக்கிலும் பெரிய பிசகு இருக்காது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி, தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 165. சோற்றில் ஒரு பிடி கூடக்குறைய இருந்தாலும் 50, 60-க்கு மேல் தவறாது. கணக்கை முழுசாகக் கவிழ்ப்பது கொழுப்புதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் என்றால் 120 கலோரி. அது காய்க்குள்ளும் கறி மேலும் பரவிவிட்டால் கண்ணுக்கே தெரியாது.

உங்கள் தட்டு கிச்சனில் எப்படித் தயாராகியிருக்கும் என்று சொல்கிறேன். காய்கறியைக் காலையிலேயே அரை வேக்காடாக வேகவைத்து எடுத்து வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் வாணலியை நன்றாகக் காய வைத்து, ஒரு சின்னக் கரண்டி எண்ணெயை விட்டு, காயைப் போட்டு இரண்டு புரட்டு. இறக்கும்போது பளபளப்புக்கு ஒரு துண்டு வெண்ணெய். அந்தக் கரண்டியை யாரும் அளப்பதில்லை. அடுப்பில் பத்து ஆர்டர் நிற்கும்போது காய் ஒட்டாமலும் கருகாமலும் வர வேண்டும் என்பதுதான் குறி. கோழிக்கு ஊற வைக்கும் மசாலாவிலேயே எண்ணெய் இருக்கும், க்ரில்லில் திருப்பும்போது பிரஷ்ஷால் ஒரு தடவு, தட்டில் வைக்கும் முன் வறண்டு தெரியாமலிருக்க இன்னொரு தடவு. சோறு உதிரியாக நிற்க அதிலும் கொஞ்சம் விழுந்திருக்கும்.

காய்க்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன், கோழிக்கு ஒன்று, சோற்றுக்கு ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொண்டால் 180, 120, 40. மொத்தம் 340. உங்கள் 520 அங்கேயே 860 ஆகிவிட்டது. சமைத்தவர் கையைப் பொறுத்து இது கூடும், குறையும். ஆனால் பூஜ்யமாக மட்டும் இருக்காது.

அதனால் என் யோசனை இது. ஆப்பில் 'க்ரில் சிக்கன்' என்று தேடாதீர்கள். 'வேகவைத்த கோழி', 'வேகவைத்த காய்' என்று வெறும் பொருளாகப் போடுங்கள். அப்புறம் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு வரி போடுங்கள். அந்த வரியை மட்டும் ஒவ்வொரு தட்டிலும் கவனித்துப் பார்த்து எழுதுங்கள். காயை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தட்டைச் சற்றுச் சாய்த்தால் போதும். தண்ணீர்ச் சாறு மட்டும் ஓடினால் எண்ணெய் குறைவு. சாறின் மேல் மின்னுகிற வளையங்கள் மிதந்தால் நடுத்தரம், ஒரு டேபிள்ஸ்பூன் போடுங்கள். சாறே இல்லாமல் நிறமேறிய எண்ணெய் தனியாகத் தேங்கினால் இரண்டு போடுங்கள். தேங்கி நிற்பதை நீங்கள் சாப்பிடாமல் விட்டாலும் காயில் ஏறியது ஏறியதுதான்.

பொரித்ததைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமுக்கு 90-க்குள் இருக்கும். அதையே நீளத் துண்டுகளாகப் பொரித்தால் 300-ஐத் தாண்டும். கிழங்கிலிருக்கும் தண்ணீர் ஆவியாகப் போய் எடை குறைகிறது, அந்த இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. கொதிக்கும்போது ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே போகாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருப்பதில் பெரும்பகுதி உள்ளே இழுபடும். எடுத்த உடனே நன்றாக உதறி வடிக்கிற கிச்சனுக்கும், அப்படியே தட்டில் குவிக்கிற கிச்சனுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மாவில் முக்கிப் பொரித்தது என்றால் எண்ணெயில் பாதிக்கு மேல் அந்த மேல் ஓட்டில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை உரித்து வைத்தால் நல்ல லாபம்.

அளவுக்கு உங்கள் கையே போதும். மூடிய கைமுட்டி அளவு சோறு ஏறத்தாழ 200 கலோரி. விரல் நீங்கலாக உள்ளங்கை அகலமும் கனமும் உள்ள கறித்துண்டு சமைத்த பின் 100 கிராம் பக்கம். கை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். முதலில் கண்ணளவில் பரிமாறி, எத்தனை கிராம் இருக்கும் என்று மனதுக்குள் ஓர் எண் சொல்லிவிட்டு, அப்புறம் தராசில் வையுங்கள். கொஞ்ச நாளில் கண் பழகிவிடும். இங்கே புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

பதில்: சத்துணவு_மாணவி

அடுப்படி அண்ணா சொன்னதற்கு மேல் சமையல் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மெனுவில் போட்டிருக்கும் எண்ணை நம்பலாமா என்று கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சராசரியாகப் பார்த்தால் நம்பலாம், ஒரு தனித் தட்டுக்கு முழுதாக நம்ப முடியாது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் உணவகங்களில் வாங்கியவற்றை ஆய்வகத்தில் எரித்து அளந்து, 2011-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மொத்தத்தில் அச்சிட்ட எண்ணும் அளந்த எண்ணும் ஒத்துப்போயின. ஆனால் 19 சதவீத உணவுகளில் எழுதியதைவிட 100 கலோரியாவது கூடுதலாக இருந்தது. எண் செய்முறைக் குறிப்பிலிருந்து வருகிறது, தட்டு மனிதக் கையிலிருந்து வருகிறது. வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்பது 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலிலிருந்து. இந்த மாதிரி எண் கிடைக்கும் இடத்தில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் கூட்டும் எண்ணைவிட அது மேல்தான்.

இன்னொன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 2018-இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு பிரேசில், சீனா, பின்லாந்து, கானா, இந்தியா ஆகிய 5 நாடுகளின் உணவகச் சாப்பாட்டை அளந்தது. துரித உணவு சராசரியாக 809 கலோரி. உட்கார்ந்து பரிமாறிச் சாப்பிடும் உணவகங்களில் 1,317. பர்கர் கடையைப் பார்த்துப் பயப்படுகிறோம், மேசைவிரிப்பு போட்ட இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம். எனக்கு இந்த ஆய்வு முழுவதிலும் முக்கியமாகப் பட்டது இதுதான்.

உங்கள் எடை ஏன் நிற்கிறது என்பதும் கணக்கிலேயே தெரிகிறது. ஒரு வேளைக்கு 340 விடுபட்டால் இரண்டு வேளைக்கு 680. நாளுக்கு 500 குறைத்துச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் குறைப்பு மொத்தமும் அதிலேயே போய்விடும், மேலே 180 ஏறவும் செய்யும். உங்கள் உடம்பில் வேறு கோளாறு இருக்குமோ என்று தேட வேண்டியதில்லை.

பதில்: கீதா_அக்கா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நல்ல தகவல்கள்தான், எல்லாவற்றையும் படித்தேன். ஆனால் இதைப் படிக்கிற எல்லோரும் கேட்டவர் மாதிரி டாக்டர் சொல்லி எண்ணுகிறவர்களாக இருக்க மாட்டார்கள். என் தங்கைக்கு எண்ணுவது ஒரு கட்டத்தில் பயமாக மாறியது. எண் தெரியாத சாப்பாட்டைத் தொட மாட்டாள், கல்யாண வீட்டில் வெறும் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பாள். சிகிச்சை எடுத்துத்தான் மீண்டாள். வெளியே சாப்பிடுவதை நினைத்தாலே யாருக்காவது நெஞ்சு படபடத்தால், சாப்பிட்டதற்குத் தண்டனையாக அடுத்த வேளையைத் தவிர்த்தால், ஆப்பை மூடிவிட்டு ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவருக்கு ஒரு வார்த்தை. ஹோட்டல் சாப்பாட்டில் உப்பு அதிகம். மறுநாள் காலை மெஷினில் ஒரு கிலோ கூடத் தெரிந்தால் அதில் பெரும்பகுதி உடம்பில் தேங்கிய தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி பக்கம் மிஞ்ச வேண்டும், ஒரு ராத்திரியில் அது நடக்காது. ஊர் திரும்பி இரண்டு மூன்று நாள் கழித்து எடை பாருங்கள்.

பாதிமாதம்_வெளியூர்

எல்லோருக்கும் நன்றி. கீதா அக்கா, நீங்கள் சொன்னதை மனதில் வைத்துக்கொள்கிறேன். எனக்கு இதுவரை அந்தப் பயம் வரவில்லை.

இன்று அதே இடத்தில் காயை ஒதுக்கித் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். மஞ்சளாக எண்ணெய் தேங்கி நின்றது, சாறு கொஞ்சமும் இல்லை. அண்ணா கணக்குப்படி இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டேன். காய் மட்டுமே 300. சர்வரிடம் "எண்ணெய் கம்மியாப் போடச் சொல்லுங்க" என்று சொல்லித்தான் வாங்கியிருந்தேன், அப்படியும் இவ்வளவு. எப்படிக் கேட்டால் கேட்பார்கள்? இன்னொன்று, கிளையன்ட்டோடு போனால் முதலில் சூப்பும் ரொட்டியும் வந்துவிடுகிறது. அதை எப்படி எழுதுவது?

அடுப்படி_ஆள்

'கம்மி' என்றால் அடுப்பில் நிற்பவருக்கு ஒரு அளவும் கிடையாது. வழக்கமாக விடுவதில் ஒரு சொட்டுக் குறைத்தாலும் கம்மிதான். செய்முறையையே மாற்றிக் கேளுங்கள். "காயை வதக்க வேண்டாம், ஆவியில் வேகவைத்து அப்படியே கொடுங்க." "கோழி மேலே கடைசியில் எதுவும் தடவ வேண்டாம்." "டிரெஸ்ஸிங் தனிக் கிண்ணத்தில்." இப்படிச் சொன்னால் ஆர்டர் சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப முடியும், எங்களுக்கும் குழப்பமில்லை. வதக்கி முடித்த பிறகு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். கூட்ட நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லாமல் காய் ஒன்றை மட்டும் மாற்றினாலே உங்கள் தட்டில் பாதி எண்ணெய் போய்விடும்.

சூப்பைக் கரண்டியால் அள்ளி ஊற்றிப் பாருங்கள். தெளிவாக ஓடினால் ஒரு கிண்ணத்துக்கு 100 போடுங்கள், போதும். கரண்டியின் பின்பக்கம் வெள்ளையாகப் பூசினாற்போல் ஒட்டிக்கொண்டால் கிரீமோ வெண்ணெயில் வறுத்த மாவோ இருக்கிறது, 250-க்குக் குறைத்து எழுத வேண்டாம். தெளிவான சூப் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது, வயிறும் கொஞ்சம் நிறையும்.

ரொட்டிக்கு ஒரு துண்டு 80 என்று வையுங்கள். கூட வரும் வெண்ணெய்ப் பொட்டலத்தில் எடை அச்சாகியிருக்கும், பெரும்பாலும் 10 கிராம், அப்படியென்றால் 70-க்குச் சற்று மேல். அன்றைக்குச் சரியாகத் தெரிந்த ஒரே எண் அதுவாகத்தான் இருக்கும், விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.