உறவில் உச்சக்கட்டம் வரவில்லை, என்னிடம் குறையா?

பெரம்பூர்க்காரி:
கல்யாணமாகி இரண்டு வருஷம். அவர் அன்பானவர், அவசரப்படுத்துவதும் இல்லை. தனியாக இருக்கும்போது எனக்கு உச்சக்கட்டம் வருகிறது, உறவின்போது வருவதில்லை. ஒரு பெட்ரூம் வீடு. ஹாலில் மாமியார் படுத்திருக்கிறார், அவர் இருமினாலே எல்லாம் அடங்கிவிடும். என் உடம்பில் ஏதாவது குறையா?

நர்ஸ் அக்கா:
குறையே இல்லைம்மா. தனியாக வருகிறது என்றால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஓ.பி.யில் பெண்கள் இதைக் கேட்பதென்றால் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பார்கள். உள்ளே நுழைவதால் மட்டும் நிறைய பெண்களுக்கு உச்சம் வராது. உணர்ச்சி நரம்புகள் குவிந்திருப்பது கிளிட்டோரிஸில், அதாவது பெண்ணுறுப்பின் மேல்பக்கம் இருக்கும் சின்ன மொட்டு போன்ற உறுப்பில். வெளியே தெரிவது நுனி மட்டும். மீதி உள்ளே இரண்டு பக்கமும் கிளைத்துப் போகிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-இல் இதை உடற்கூறு ஆய்வில் விளக்கமாகக் காட்டினார். எங்கே, எவ்வளவு அழுத்தம் என்று உங்கள் கணவர் கையைப் பிடித்தே காட்டிக்கொடுங்கள். வாயால் சொல்வதைவிட அது சுலபம்.

அண்ணாநகர் வாசகர்:
அக்கா சொன்னது சரி. அந்த இருமலையும் சாதாரணமாக விடாதீர்கள். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸ், ஜான்சன் இருவரும் 1966-இல் உறவின்போது உடம்பில் நடப்பதைக் கிளர்ச்சி, சமநிலை, உச்சம், தளர்வு என நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். உச்சத்துக்கு முன்னால் பயமோ கவனச்சிதறலோ வந்தால் கிளர்ச்சி இறங்கிவிடும். மாமியார் கோயிலுக்குப் போகும் சாயங்காலம் இருக்குமே, அந்த நேரத்தைப் பிடியுங்கள். அப்புறம், மனச்சோர்வுக்கு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? சில மாத்திரைகள் உச்சத்தைத் தள்ளிப்போடும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

பெரம்பூர்க்காரி:
மாத்திரை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை அத்தை கோயிலுக்குப் போவார். அன்றைக்குக் கணவரைச் சீக்கிரம் வரச் சொல்கிறேன்.