மாட்ரிட்டில் ஐந்து நட்சத்திர விடுதி: உள்பக்க அறையா, தெருப்பக்க அறையா?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் நானும் என் மனைவியும் எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவும் ஸ்பெயின் செல்கிறோம். மாட்ரிட்டில் நான்கு இரவுகள், பிறகு ரயிலில் செவில்லா, கடைசியாகப் பார்சலோனா என்பது திட்டம். மற்ற இரு ஊர்களிலும் நடுத்தர விலையில் இடம் முடிவாகிவிட்டது. மாட்ரிட்டில் மட்டும், அம்மாவை அதிகம் நடக்கவிடாமல் பிராடோ அருங்காட்சியகத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காக, அதன் பக்கத்திலேயே உள்ள ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றில் தங்கலாமா என்று யோசிக்கிறோம்.

அந்த விடுதியின் பக்கத்தில் ஒரே அளவுள்ள அறைக்கு 'இந்த்தெரியோர்' (உள்பக்கம்), 'எக்ஸ்தெரியோர்' (தெருப்பக்கம்) என்று இரண்டு பெயர்களும் இரண்டு விலைகளும் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதற்கு ஓர் இரவுக்கு 55 யூரோ அதிகம். தங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது: பாதிப் பேர் ஜன்னலைத் திறந்தால் எதிரே சுவர்தான் தெரிகிறது என்கிறார்கள், மீதிப் பேர் இரவெல்லாம் தெருச் சத்தத்தில் கண்ணை மூட முடியவில்லை என்கிறார்கள். எதை நம்புவது?

அம்மா சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால் அறையில் குளிர்பெட்டி அவசியம். இவ்வளவு பணம் கொடுத்துத் தங்குவது தகுமா என்பதையும், தங்கிய அனுபவம் உள்ளவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பயணப்பை:

வணக்கம் நண்பரே. அதே பகுதியில் இரண்டு முறை, இரண்டு வெவ்வேறு விடுதிகளில் தங்கியிருக்கிறேன். முதல் முறை உள்பக்க அறை, இரண்டாம் முறை தெருப்பக்க அறை. நீங்கள் படித்த இரு தரப்பாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மாட்ரிட்டின் பழைய கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தெருவோரம் இடைவெளியின்றி நிற்பவை. உள்ளே இருக்கும் அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைப்பதற்காக நடுவில் ஒரு திறந்தவெளி விடுவார்கள். அதற்குப் 'பாத்தியோ' என்று பெயர். நம் வீட்டு முற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம் நிச்சயம். நான் பார்த்தது ஏழு மாடி ஆழமுள்ள கிணறு போல இருந்தது. இரண்டாம் மாடியில் அறை கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தபோது எதிர்ச்சுவரில் ஒரு புகைபோக்கிக் குழாயும் அதன் மேல் இரண்டு புறாக்களும் தெரிந்தன, காலை ஆறு மணிக்கே வெண்ணெயும் பன்றி இறைச்சியும் வறுபடும் வாசனை வந்தது. கீழே சமையலறை. உங்கள் அம்மாவை நினைத்தால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரவேற்பு மேசையில் நயமாகக் கேட்டதும், மறுநாளே அதே உள்பக்கத்தில் ஆறாம் மாடிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே வெளிச்சம் இருந்தது, வாசனை இல்லை, தூக்கமும் நன்றாக வந்தது. ஆகவே உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதைவிட எத்தனையாவது மாடி என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் அனுபவம்.

தெருப்பக்கத்துக்கு வருகிறேன். பிராடோவுக்கு மேற்கே இருப்பது எழுத்தாளர் வட்டாரம். அதன் நடுவில் ஓடும் உவெர்தாஸ் தெருவில் பழைய கவிஞர்களின் வரிகளை வெண்கல எழுத்துகளாகத் தரையில் பதித்திருப்பார்கள். பகலில் அவற்றைப் படித்துக்கொண்டே நடப்பது தனி இன்பம். இரவிலோ அந்தத் தெருவில் மதுக்கடைகள் வரிசையாகத் திறந்திருக்கும். அந்த ஊரார் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருவதே ஒன்பது மணிக்கு மேல். ஸ்பெயின் 1940 முதல் தன் இருப்பிடத்துக்குப் பொருந்தாத மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றி வருவதால், ஜூனில் மாட்ரிட்டில் சூரியன் மறையவே ஏறக்குறைய 9.45 ஆகிவிடும். பகல் அவ்வளவு நீண்டால் இரவும் தள்ளித்தானே போகும்? வெள்ளி, சனிக்கிழமைகளில் அதிகாலை மூன்று மணி வரை பேச்சும் சிரிப்பும் கேட்டன. குப்பை வண்டியும் அங்கே இரவில்தான் வருகிறது. நள்ளிரவு தாண்டி அது வந்து நின்ற ஓசையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பிராடோ பெருஞ்சாலையைப் பார்த்த அறைகளில் வாகனச் சத்தம் உண்டே தவிர, இந்தக் கூச்சல் குறைவு என்று உடன் தங்கிய நண்பர் சொன்னார்.

தெருப்பக்க அறையே வேண்டும் என்றால் 'பெர்சியானா' என்னும் சுருள்கதவை இறக்கிவிடுங்கள். சுவரோரம் தொங்கும் துணிப்பட்டையை இழுத்தால், ஜன்னலுக்கு வெளியே பட்டைப் பட்டையாக ஒரு கதவு இறங்கி, சத்தத்தைப் பாதியாகவும் வெளிச்சத்தை முழுவதுமாகவும் அடைத்துவிடும். எல்லா விடுதிகளிலும் இது இருக்காது. எனக்கு இருந்தது, அதனால் ஒரு நஷ்டமும் வந்தது: விடிந்ததே தெரியாமல் தூங்கி, 10.40க்கு எழுந்து, 10.30க்கு முடிந்துபோன காலை உணவைக் கோட்டைவிட்டேன். அதற்கான 38 யூரோவை முன்பே கட்டியிருந்தேன்.

குளிர்பெட்டி விஷயத்தில் கவனம் தேவை. சில பெரிய விடுதிகளின் மினிபாரில் உணரிகள் உள்ளன. உள்ளே இருக்கும் பாட்டிலைச் சற்று நேரம் வெளியே எடுத்து வைத்தாலே கணக்கில் ஏறிவிடும். மருந்து வைக்க இடம் வேண்டும் என்று என் மனைவி இரண்டு பாட்டில்களை நகர்த்தி வைத்தார், புறப்படும் நாளில் ரசீதில் 17 யூரோ நின்றது. சொன்னவுடன் நீக்கிவிட்டார்கள் என்பது வேறு. முன்கூட்டியே எழுதினால் மினிபாரைக் காலி செய்து தருவார்கள், அல்லது மருந்துக்கென்று சிறிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

நிழற்குடை:

என் கருத்து சற்று வேறானது. அவ்வளவு பணம் கொடுத்து அந்த விடுதியில் தங்கவே வேண்டாம். அட்டோச்சா ரயில் நிலையத்துக்கு அருகே நல்ல நான்கு நட்சத்திர விடுதிகள் பாதி விலையில் கிடைக்கின்றன, பிராடோவுக்கு அங்கிருந்து கால் மணி நேர நடைதான், டாக்சியில் ஐந்து நிமிடம். செவில்லா ரயிலும் அட்டோச்சாவில்தான் புறப்படுகிறது.

மாளிகை போன்ற விடுதியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், அதற்கு அறை எடுக்கத் தேவையில்லை. பதின்மூன்றாம் அல்போன்சோ மன்னரின் திருமணம் 1906இல் நடந்தபோது, வந்த அரச விருந்தினரைத் தங்க வைக்கத் தகுதியான விடுதி தலைநகரில் இல்லாமல் போனதாம். அந்தக் குறையைத் தீர்க்க எழுந்தவைதான் 1910இல் திறக்கப்பட்ட ரிட்ஸும் 1912இல் திறக்கப்பட்ட பேலஸும். பேலஸின் நடுக்கூடத்துக்கு மேல் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம் ஒன்று உண்டு. அதன் கீழ் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க யாரும் போகலாம். விலை தெருவோரக் கடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும், ஆனாலும் ஓர் இரவு வாடகையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. உள்நாட்டுப் போரின்போது அந்தக் கட்டடம் மருத்துவமனையாக இருந்தது. 1981 பிப்ரவரி 23 அன்று எதிரே உள்ள நாடாளுமன்றத்தை ஆயுதம் தாங்கிய சிவில் காவலர்கள் கைப்பற்றியபோது, நிலைமையைச் சமாளிக்க வந்த அதிகாரிகள் அந்த விடுதியில் இருந்துதான் செயல்பட்டார்கள். இவற்றையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

காலை உணவுக்கு விடுதியில் பணம் கட்டாதீர்கள். மூலைக்கடையில் வாட்டிய ரொட்டி மேல் துருவிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் விட்டு, ஒரு காப்பியோடு சில யூரோவுக்குத் தருவார்கள். சைவம்தான், முட்டையும் கிடையாது.

முன்மேசை:

பார்சலோனாவில் ஒரு விடுதியின் வரவேற்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சில செய்திகள்.

அறை வேண்டுகோளை முன்பதிவுத் தளத்தின் குறிப்புப் பெட்டியில் எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். பல நேரம் அது எங்கள் திரையில் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் வந்து கிடக்கும். வருவதற்கு நான்கைந்து நாட்கள் முன்பு விடுதிக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, முதியவர் ஒருவர் வருகிறார், மேல்மாடியில் அமைதியான அறை வேண்டும், இன்சுலினுக்காக மினிபாரைக் காலி செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அறை ஒதுக்கும் வேலை பெரும்பாலும் முந்தைய நாள்தான் நடக்கும். அந்த நேரத்தில் கையில் இருக்கும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். மூவர் தங்குவதால் மூன்றாவது படுக்கையைப் பற்றியும் தெளிவாகக் கேளுங்கள், சில இடங்களில் அது மடக்குக் கட்டில்தான்.

விமானம் காலையில் வந்தாலும் அறை பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வோம், ஆனால் அம்மாவை அதுவரை எங்கே உட்கார வைப்பது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்வோம், பதினான்கு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும். 2024 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி வீட்டு முகவரி உட்பட முன்பைவிட அதிக விவரங்களைக் கேட்க வேண்டியுள்ளது. விருந்தினர் பலர் எங்கள் மேல் எரிச்சல்படுகிறார்கள், சட்டம் எங்களுடையதல்ல. மாட்ரிட்டில் சுற்றுலா வரி இல்லை. பார்சலோனாவில் உண்டு, தலைக்கு, இரவுக்கு என்று கணக்கிட்டு வாங்குவார்கள், முன்பதிவு விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயா யூரோவா என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

ஏதேனும் பெரிய குறை நேர்ந்து, பேசியும் தீரவில்லை என்றால் 'ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்' என்று கேளுங்கள். அது அரசு வகுத்த புகார்ப் படிவம். ஒவ்வொரு விடுதியும் உணவகமும் அதை வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர மறுக்கக் கூடாது. அந்தப் பெயரைச் சொன்னவுடனேயே தீர்ந்துபோகும் தகராறுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சைவம் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே 'கார்னே (இறைச்சி) இல்லாமல்' என்று சொன்னால் போதாது. இறைச்சி என்றால் மாட்டிறைச்சி போன்றது என்றும், ஹமோன் என்னும் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சி தனி வகை என்றும் நினைக்கும் பரிமாறுபவர்கள் இருக்கிறார்கள். 'காய்கறி சாண்ட்விச்' என்று பெயர் போட்டிருப்பதற்குள் பெரும்பாலும் டூனா மீனும் அவித்த முட்டையும் இருக்கும். செவில்லாவில் சால்மொரேஹோ என்னும் குளிர்ந்த தக்காளிக் கூழைத் தருவார்கள், நல்ல உணவுதான், ஆனால் அதன் மேலே முட்டைத் துருவலும் ஹமோன் துண்டுகளும் தூவி வரும். ஹமோன் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். வறுத்த பத்ரோன் மிளகாய், செவில்லாவின் கீரையும் கொண்டைக்கடலையும், சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா ஆகியவை அம்மாவுக்கு ஒத்துவரும். கடைசியாகச் சொன்னதில் நெத்திலி வைக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணப்பை:

நிழற்குடை சொன்ன கால் மணி நேர நடை நமக்குச் சரி, ஜூன் மாத மதிய வெயிலில் எழுபது வயதுக்காரருக்கு அது கால் மணி நேரமாக இருக்காது. அதுவும் பிராடோவை ஒரே மூச்சில் பார்க்க முடியாது. காலையில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அறைக்கு வந்து படுத்து, மாலையில் மீண்டும் போவதற்குத்தான் பக்கத்தில் தங்குவது. வாடகையில் பாதி அந்த மதியத் தூக்கத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு முதல் எட்டு வரை அனுமதி இலவசம், வரிசை மட்டும் நீளமாக இருக்கும். உள்ளே சக்கர நாற்காலியை இரவல் தருகிறார்கள்.

வைகைக்கரை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பயணப்பை சொன்ன மதியத் தூக்கம் என் மனைவிக்குப் போதுமான காரணமாகிவிட்டது. உள்பக்க அறையே எடுக்கிறோம், ஐந்தாம் மாடிக்கு மேல் வேண்டும் என்றும் சமையலறை வாசனை எட்டாத பக்கமாக இருக்க வேண்டும் என்றும் இன்றே விடுதிக்கு எழுதிவிட்டேன். மிச்சமாகும் 220 யூரோவில் ஒரு பகுதி பேலஸின் கண்ணாடிக் கூரைக்குக் கீழ் காப்பியாகப் போகும்.

ஒன்றே ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து காப்பி போடுபவர், தூளும் வடிகட்டியும் பெட்டியில் வந்துவிடும். அறையில் வெந்நீர்க் கெண்டி இருக்குமா?

முன்மேசை:

இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஐந்து நட்சத்திர அறைகளில் கூட காப்பிக் குப்பி போடும் இயந்திரம் மட்டும் வைத்துவிட்டுக் கெண்டியை வைக்காத இடங்கள் உண்டு. அதே மின்னஞ்சலில் 'எர்விதோர் தெ அகுவா' ஒன்று வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பால் மட்டும் முந்தைய இரவே கேட்டு மினிபாரில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து மணிக்கு இந்த ஊரில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.