ஆகஸ்டிலேயே தரவரிசை எதற்கு?

சனிக்கிழமை ரசிகன்:
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட நடப்பதற்கு முன்பே, ஆகஸ்டிலேயே, ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) பத்திரிகையாளர்களிடம் எடுக்கும் வாக்கெடுப்பு 25 அணிகளை வரிசைப்படுத்துவதை நிறுத்த வேண்டும். பொழுதுபோக்குதானே என்று விடமுடியாது, 2004-ல் நடந்ததைப் பாருங்கள். யுஎஸ்சி 1, ஓக்லஹோமா 2, ஆபர்ன் 17 என்று சீசன் தொடங்கியது. இறுதிப் போட்டிக்கு முன்பு வரை மூன்றும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை, ஆனால் இறுதிப் போட்டிக்குப் போனது அதே முதல் இரண்டும்தான். ஆபர்ன் 13-0 என்று முடித்தும் பட்டம் இல்லை.

கணக்குப்புலி:
அதற்கு ஆகஸ்டைக் குறை சொல்லாதீர்கள். ஆபர்ன் யாருடன் ஆடியது? லூசியானா மன்றோ, லூசியானா டெக், போதாக்குறைக்குக் கீழ்ப்பிரிவிலிருந்து சிட்டடல். வாக்களிக்கும் பத்திரிகையாளர்கள் வாராவாரம் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2024-ல் ஃபுளோரிடா ஸ்டேட் 10-ஆம் இடத்தில் தொடங்கியது, டப்ளினில் ஜார்ஜியா டெக்கிடம் தோற்று, அடுத்த ஆட்டத்திலும் தோற்றதும் 25-க்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.

சனிக்கிழமை ரசிகன்:
தோற்ற அணியை இறக்க யாராலும் முடியும். மேலே உட்கார்ந்திருக்கும் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தால், கீழே இருப்பவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதைத் தாண்ட விடுவதில்லையே, அதைத்தான் கேட்கிறேன். சிட்டடலைச் சொன்னீர்கள், சரி. முந்தைய வருடம் பிசிஎஸ் (இறுதிப் போட்டிக்கு இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுத்த அன்றைய முறை) பட்டம் வென்ற எல்எஸ்யுவையும், ஜார்ஜியாவையும், டென்னசியை இரண்டு தடவையும் அதே ஆபர்ன்தான் வென்றது. ஓக்லஹோமா இறுதிப் போட்டியில் 55-19 என்று நொறுங்கியது.

டெக்சாஸ்வாசி:
அன்று பிசிஎஸ் கணக்கில் ஏபிக்கு மூன்றில் ஒரு பங்கு, பயிற்சியாளர்கள் வாக்குக்கு ஒரு பங்கு, மீதிதான் கணினிக்கு. அந்த சீசனோடு ஏபியே விலகிக்கொண்டது. இப்போது 13 பேர் கொண்ட தேர்வுக் குழு, அது தேர்ந்தெடுக்கும் 12 அணிகள் பட்டத்துக்காக ஆடும் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்று, குழுவின் முதல் பட்டியலே சீசன் பாதி தாண்டித்தான் வருகிறது. இன்னும் ஏன் ஏபியோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?

சனிக்கிழமை ரசிகன்:
அதுவரை டிவியில் அணியின் பெயருக்குப் பக்கத்தில் வருவது ஏபி எண்தானே? "தரவரிசையில் இருந்த அணியை வீழ்த்தினோம்" என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் சொல்லும் பெருமை அதிலிருந்துதான் வருகிறது. இரண்டு மாதம் அதையே பார்த்துவிட்டு வரும் குழு, 12-ஆம் இடமா 13-ஆம் இடமா என்று முடிவெடுக்கும்போது அதை மறந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அக்டோபர் வரை பொறுத்தால் என்ன குறைந்துவிடும்?

கணக்குப்புலி:
பட்டியல் வெளியிடாவிட்டால் வாக்களிப்பவர்கள் மனதில் பட்டியல் இல்லாமல் போய்விடுமா? ஏபியில் யார் எந்த அணிக்கு எந்த இடம் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், தப்பாகப் போட்டால் பெயர் சொல்லிக் கேட்கலாம். எழுதாத பட்டியலை யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

சனிக்கிழமை ரசிகன்:
எல்லோருக்கும் தெரியட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலைந்து ஆட்டம் பார்த்த பிறகு எழுதட்டும்.