மறு: எலெக்சனுக்கு சங்கப் பணம்

எல்லாருக்கும் வணக்கம்,

இவ்வளவு நாளும் படிச்சிட்டு சும்மாதான் இருந்தேன், ஆனா நம்ம ஊர்ல சட்டசபை எலெக்சனுக்கு நிக்கிற தம்பிக்கு சங்கத்து வைப்புல இருந்து அஞ்சு லட்சத்தை எடுத்துக் குடுத்துருவோம்னு பினாங்கு அண்ணன் எழுதினப்புறம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை.

தம்பி சுயேச்சையா நிக்கிறதுல எனக்கு வருத்தம் இல்லை. நல்ல பையன். 1967ல இருந்து ரெண்டு கழகத்தையும் பாத்தாச்சு, சென்னையைத் தாண்டி யாருக்கும் கண்ணு தெரியலைன்னு அவர் பேசுறது நியாயம்தான். டெபாசிட் பத்தாயிரம், ஆறுல ஒரு பங்கு ஓட்டு வாங்கலைன்னா அதுவும் போச்சு, அது அவர் காசு, அவர் பாடு. ஆனா நம்மள்ல பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா சிட்டிசன். வேட்பாளர் வெளிநாட்டுக்காரங்க பணத்தைத் தொடக் கூடாதுன்னு எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துலயே இருக்கு, வெளிநாட்டு சிட்டிசன் ஆன இந்திய வம்சாவளிக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு இருந்தாலும் அதே கதைதான். இந்திய பாஸ்போர்ட்காரங்க சொந்தச் சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வேற. வைப்புல ரெண்டு பணமும் கலந்து கெடக்கே, எதை எப்படிப் பிரிப்பீக?

ஆச்சி பொங்கலுக்குப் போனப்ப அவர் நோட்டீஸைப் போட்டோ எடுத்து அனுப்புனாக. முதல் வரியே காரைக்குடி, திருப்பத்தூர், மேலூர் வழியா மதுரைக்கு ரயில். ரயில் டெல்லி கையில இருக்கு, எம்எல்ஏ சட்டசபையில கத்தலாம், அதுவும் சுயேச்சைக்கு எத்தனை நிமிசம் குடுப்பாக? காரைக்குடி திருவாரூர் லைன் கதை தெரியும்ல. அகலப்பாதையா மாத்துறோம்னு வருசக்கணக்கா மூடி வச்சு 2019ல முழுசாத் திறந்தப்ப கேட் கீப்பர் இல்லை. ஆளுக வண்டியிலயே வருவாக, கேட்டுக்கு முன்னாடி வண்டி நிக்கும், ஒருத்தர் இறங்கி மூடுவாரு, தாண்டி மறுபடி நிக்கும், பின்னாடி இருந்து ஒருத்தர் இறங்கித் திறந்து விட்டுட்டு ஓடி வந்து ஏறுவாரு. இப்ப தாம்பரம் செங்கோட்டை வண்டி அந்த வழியா ஓடுது, சந்தோசம். நமக்கெல்லாம் அது இன்னும் கம்பன் எக்ஸ்பிரஸ் போன லைன்தான், கண்டனூர் புதுவயல்ல ஐயா தூக்குச்சட்டியோட ஏறினது, கரிப்புகையில சட்டை கறுத்து ஆயாட்ட ஏச்சு வாங்கினது, எழுதினா நிக்காது.

ரெண்டாவது வரி செட்டிநாடு ஏர்ஸ்ட்ரிப். உலகப்போர் காலத்து ரன்வே. திருச்சி, மதுரை ரெண்டு ஏர்போர்ட்டும் பக்கத்துல இருக்கப்ப இதுல யாரு ஏறுவா, கல்யாணத்துக்கு வர்ற நாமதான்.

உருப்படியான விசயம் கடைசியில பொடி எழுத்துல கெடக்கு: சாயங்கால டவுன் பஸ். அது மாநில அரசு கையில இருக்கு. 2021ல இருந்து பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை, சரி, பஸ்ஸே வரலைன்னா ஓசி எதுக்கு? அயித்தை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நிழற்குடையில காத்துக் கெடந்ததை ஆச்சி பாத்திருக்காக. உக்கார்ற பலகையை எவனோ பேத்துட்டுப் போயிட்டான், மருந்துப் பையை மடியில வச்சுக்கிட்டு கீழ கல்லுல உக்காந்திருந்தாகளாம், இருட்டுனப்புறம் முந்நூறு ரூவா ஆட்டோ. தம்பி இதை முதல் வரியில போடட்டும். கலெக்டருக்கு மனு எழுதினா முதல் கையெழுத்து என்னுது.

காரைக்குடியில இருக்க சிக்ரி ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்த அழகப்பச் செட்டியார் மண்ணுக்காரங்க அஞ்சு லட்சத்துக்கு யோசிக்கலாமான்னு கேட்டிருக்கீக. அண்ணே, அழகப்பர் குடுத்தது சொந்தக் காசு.

கும்பாபிஷேகக் கணக்கு இன்னும் வரலை. அது வராம புதுச் செலவுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

சிங்கப்பூர் தம்பி

---

தம்பி,

கணக்கு கேக்குற வாய் உங்க வளவு வீட்டுக்கு ஓடு மாத்தினப்ப எங்க போச்சு? அன்னைக்கு யாரு ஜாமீன் நின்னதுன்னு உங்க அப்பச்சியைக் கேளுங்க. கும்பாபிஷேக நோட்டு பொருளாளர்ட்ட இருக்கு, கண் ஆபரேசன் முடிஞ்சு வந்ததும் அனுப்புவாரு. நான் இன்னும் இந்திய பாஸ்போர்ட்டை மாத்தலை, எலெக்சன்ல நிக்கிற தம்பிக்கு என் கைக்காசை அனுப்புறேன், யார்ட்டயும் கேக்க வேண்டியதில்லை.

மனுவுல என் பேரையும் போடுங்க, உங்க பேருக்குக் கீழ இல்லை, தனியா.

பினாங்கு அண்ணன்