மறு: ‘ஸ்குவிப்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – ‘ஊமைவேட்டு’ வேண்டாம், ‘தங்குவேட்டு’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நீலகிரியின் அருவங்காட்டிலிருந்து எழுதுகிறேன். சுட்ட குண்டு வெளியேறாமல் துப்பாக்கிக் குழலுக்குள்ளேயே நின்றுவிடும் ‘ஸ்குவிப்’ என்ற பழுதுக்குச் சென்ற வாரம் நான் முன்வைத்த ‘ஊமைவேட்டு’ என்ற சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன். அதற்கு ஆதரவாக நான்கு பேர் எழுதியிருப்பதால் காரணத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இழையில் புதிதாக வந்தவர்களுக்காக: என் தங்கை மகன் அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிறவன். சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கார் கொட்டகையில் ஒரு மேசை போட்டு, தானே மறுபடி வெடிமருந்திட்டுத் தோட்டாவாக்கிக்கொள்கிறான். அங்கே பலரும் சட்டத்துக்கு உட்பட்டுச் செய்கிற வேலை அது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம்; யாரும் இதைப் படித்துவிட்டு முயல வேண்டாம். இப்போது தங்கையும் அவள் கணவரும் ஆறு மாதம் அவனோடு தங்கப் போயிருக்கிறார்கள். அவன் மருந்து அளக்கும் நேரமாகப் பார்த்துத் தங்கை கதவைத் திறந்து, “தோசை ஆறுகிறது, வா” என்று கூப்பிடுகிறாளாம். “மாமா, அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு தாள் எழுதிக் கொடுங்கள், கதவில் ஒட்டிவிடுகிறேன்” என்றான். அந்தத் தாளுக்குத்தான் இந்தச் சொல்.

தோசைக்கு எழுந்து போனால் என்ன கெட்டுவிடும் என்று சேலத்து நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஐம்பது குழிகள் கொண்ட பலகையில் கூடுகள் வரிசையாக நிற்கின்றன. கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு நான்கு கிரெய்ன் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். நான்கும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டு குன்றிமணி எடை. பல கூடுகளில் அது பாதி உயரம்கூட வராது. எழுந்து போய்விட்டு வந்தவன், மருந்து இட்ட கூட்டிலேயே மறுபடி இட்டால் வழிந்து காட்டிக்கொடுக்காது. அந்த இரட்டை மருந்து துப்பாக்கியையே பிளந்துவிடலாம். மாறாக ஒரு கூட்டைத் தாண்டிவிட்டால், அதில் அடியிலுள்ள பொட்டு மட்டுமே வெடிக்கும். (மருந்தைப் பற்றவைக்கும் ‘பிரைமர்’ என்பதற்குத் தீபாவளிப் பொட்டுவெடியை வைத்து ‘பொட்டு’ என்று எழுதுகிறேன், யாரும் மறுக்கவில்லை.) பொட்டின் விசை குண்டைக் குழலுக்குள் தள்ளும், ஆனால் வெளியே அனுப்பப் போதாது. இதுதான் ஸ்குவிப். அடுத்த குண்டு அதன் முதுகில் போய் இடித்தால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும். சுடுபவனின் விரலும் கண்ணும் அங்கிருந்து ஒரு முழத் தொலைவில்தான் இருக்கின்றன.

‘நமத்த வெடி’ என்று ஈரோட்டு நண்பர் சொன்னது காதுக்கு இனிமை, ஆனால் காரணத்தைத் தவறாகச் சொல்கிறது. பெரும்பாலும் இங்கே மருந்து நமத்துப்போவதில்லை, மருந்தே இருப்பதில்லை. இழையில் வந்த ‘பகுதி எரிவுத் தோட்டா’ அகராதிக்குப் பொருந்தலாம், ஆபத்தில் யாரும் அதைக் கத்த முடியாது.

‘ஊமைக்காயம்’ என்ற சொல்லை மனத்தில் வைத்தே ஊமைவேட்டு என்றேன். வெளியே தெரியாது, உள்ளே கன்றியிருக்கும். கோத்தகிரி ஆசிரியை அம்மா, தம் வகுப்பில் பேச இயலாத பிள்ளைகள் இருப்பதாகவும், ‘ஊமை’ என்ற அந்த முன்னொட்டு ஒவ்வொரு முறையும் அவர்களைச் சுடுவதாகவும் எழுதியிருந்தார். படித்த அன்றே மனம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பழஞ்சொல் மரபைக் காட்டி மறுமொழி எழுதத் தொடங்கினேன். அதற்குள் மருமகன் தொலைபேசியில் சொன்ன ஒரு செய்தி என் வாதத்தின் அடியையே பெயர்த்துவிட்டது. சுடுதளத்தில் எல்லோரும் காதடைப்பு போட்டிருப்பார்கள். பக்கத்தில் பத்துப் பேர் சுடுகிறார்கள். சத்தம் குறைந்ததா என்று காது சொல்லாது; தோளிலும் கையிலும் வரும் உதைப்பு மெலிந்திருப்பதுதான் அடையாளம். அப்படி ஒருமுறை உணர்ந்து, சுடுவதை நிறுத்தி, தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, குழலில் கம்பியை விட்டுப் பார்த்திருக்கிறான். பாதியில் முட்டியதாம்.

ஆக, ஓசையை வைத்துப் பெயரிட்டது என் பிழை. காதை நம்பச் சொல்கிற பெயர் அது. குண்டு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிற பெயர் வேண்டும்: தங்குவேட்டு. தங்குமடம் போல வினைத்தொகை. தங்கிய வேட்டு, தங்குகிற வேட்டு, தங்கும் வேட்டு என மூன்று காலத்துக்கும் நிற்கும். சுடுதளத்தில் “தங்கிவிட்டது!” என்று கத்தலாம். எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் நாளெல்லாம் புழங்கும் ‘கார்டைட்’ என்ற வெடிமருந்தின் பெயரும் இப்படிக் கண்ணால் கண்டு வைத்ததுதான். 1889-இல் பிரிட்டனில் உருவான அந்த மருந்து கயிற்றிழை போல வடிக்கப்பட்டதால் ஆங்கிலக் கயிற்றுச் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

இதோடு உறவுடைய மற்ற இரண்டு: அடித்தும் வெடிக்காதது ‘பொய்த்த தோட்டா’, மழை பொய்த்தது என்பது போல. சற்றுப் பொறுத்து வெடிப்பது ‘சுணங்குவேட்டு’. யாழ்ப்பாண நண்பர்கள் ‘சுணக்கம்’ என்று அன்றாடம் சொல்வதைக் கேட்டு எடுத்தேன். எது என்று உடனே தெரியாது என்பதால், வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே முப்பது விநாடியாவது பிடித்திருக்க வேண்டும்.

தாளைப் பற்றி ஒன்று. 1903-இல் தொடங்கிய இங்குள்ள கார்டைட் தொழிற்சாலையில் அப்பா வேலை பார்த்தார். காலையில் புறப்படும்முன் வாசற்படியில் நின்று சட்டைப் பை, கால்சட்டைப் பை, சோற்றுப் பை மூன்றையும் தடவித் தடவிப் பார்ப்பார். தீப்பெட்டியையும் பீடியையும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பார். அந்த ஒரு நிமிடம் அம்மாகூட அவரிடம் பேசமாட்டாள். பேசிவிட்டால் முதல் பையிலிருந்து மறுபடி தொடங்குவார். தங்கையும் நானும் படியோரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அதனால் தாளை இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், அன்று அனுப்பிவிடுவேன்:

“தங்கச்சி, கதவு மூடியிருந்தால் அது அப்பா பை தடவிப் பார்க்கும் நேரம். கூப்பிடாதே. கூப்பிட்டுவிட்டால், அவன் கையிலிருக்கும் மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு, டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மட்டம் பார்த்து, முதலிலிருந்து தொடங்குவான். ஒரு கூடு விட்டுப்போனால் தங்குவேட்டு. தோசையை மூடி வை.”