பத்துச் சக்கரமா, பன்னிரண்டு சக்கரமா? டிப்பரில் யூனிட்டும் டன்னும் மோதும் கணக்கு

பல்லடத்துக்காரன்:
வணக்கம்ங்க. 9 வருசமா அடுத்தவங்க வண்டி ஓட்டிட்டேன். இப்ப சொந்தமா ஒரு டிப்பர் எடுக்கலாம்னு இருக்கேன். காரணம்பேட்டைப் பக்கம் கிரஷர்ல ஏத்தி, கோவைக்குள்ள எம்-சாண்ட், ஜல்லி இறக்கற நடை. 28 டன் பத்துச் சக்கரமா, 35 டன் பன்னிரண்டு சக்கரமா, இதுல தான் குழப்பம். கிரஷர்ல கேட்டா, "பத்துச் சக்கரமே போதும், அஞ்சு யூனிட் தாராளமா அடிக்கலாம்"ங்கறாங்க. அந்த அஞ்சு யூனிட் ஆர்.சி. புக்குல போட்டிருக்கற எடைக்குள்ள அடங்குமா? ஓட்டறவங்க சொல்லுங்க.

எடைமேடை_நைட்ஷிப்ட்:
அடங்காதுங்க. 28 டன்ங்கறது வண்டியும் சரக்கும் சேர்த்து. முன் ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, 7, பின்னாடி ஜோடி ஆக்சிலுக்கு 21. காலி வண்டி 11 டன்னுனு வைங்க, மிச்சம் 17. ஒரு யூனிட், அதாவது 100 கன அடி எம்-சாண்ட், சுமாரா நாலரை டன் வரும். 17-க்கு எத்தனை யூனிட்? நாலு கூட முழுசா இல்ல. அஞ்சு யூனிட் ஏத்தினா சரக்கே 22.5 டன், மொத்தம் 33.5. அஞ்சரை டன் கூட.

பன்னிரண்டு சக்கரத்துக்கு வாங்க. முன்னாடி இன்னொரு ஆக்சில், இன்னொரு 7 டன். ஆனா அந்த ஆக்சில், நீளமான சேஸ், பெரிய பாடி எல்லாம் சேர்ந்து வண்டியோட சொந்த எடையும் ரெண்டரை டன் ஏறிடும். ஆக, கையில நிக்கறது நாலரை டன். கணக்கா ஒரு யூனிட்! நீங்க கூடக் குடுக்கற காசெல்லாம் அந்த ஒரு யூனிட்டுக்குத்தான்.

பழைய2518:
தம்பி, எடைமேடைக்காரர் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து கால்குலேட்டர் தட்டறார். நான் 22 வருசம் ஸ்டியரிங் பிடிச்சவன். பேர்லயே தெரியும், 2518. 25 டன், 180 குதிரை. அதுல ஆறு யூனிட் கோபுரம் கட்டி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி ஓட்டினோம். சேஸ் ஒடிஞ்சா போச்சு?

வாடகை யூனிட்டுக்கு இத்தனைனு பேசறாங்க, டன்னுக்கு இல்ல. எல்லாரும் அஞ்சு அடிக்கும்போது நீ மட்டும் மூணே முக்கால் அடிச்சா டீசலுக்கே தட்டும். அப்புறம் தவணை யார் கட்டறது? சட்டம் பேசறவர் கட்டுவாரா?

எடைமேடை_நைட்ஷிப்ட்:
தவணையை நான் கட்டமாட்டேன் அண்ணே, ஃபைனையும் நான் கட்டமாட்டேன். முந்தி 2,000 ரூபாய் ஃபைன், டன்னுக்கு ஆயிரம். கட்டிட்டு அதே லோடோட போயிட்டே இருந்தீங்க. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துல அது 20,000, மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. நம்ம ஊர்ல 2022 அக்டோபர்ல இருந்து புது ரேட்டு தான். அந்த அஞ்சரை டன்னுக்கு 30,000 ரூபாய் தாண்டும். கூடுதலை இறக்கிட்டுத்தான் வண்டியை எடுக்கணும், இறக்கற செலவும் நம்ம தலையில. எடை போடவே வரமாட்டேன்னு விட்டுக் கிளம்பினா 40,000.

இன்னொண்ணு. ஓட்டறவன் மேல மட்டும் இல்ல, ஓட்ட வைக்கறவன் மேலயும் அந்தப் பிரிவு பாயும். ஆனா பிரேக் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தும்போது வண்டியில இருக்கறது டிரைவர் தானே, ஏத்திவிட்டவங்க இல்லையே.

ரோட்டுப்பக்கம்:
நான் ரோடு போடற வேலையில இருக்கேன். சேஸ் ஒடியலைன்னு அண்ணன் சொன்னதுக்கு மட்டும் பதில். ஒடியறது ரோடு. 1958-60ல அமெரிக்காவுல, இல்லினாய்ஸ் மாநிலத்துல, ரோடு போட்டு ரெண்டு வருசம் லாரிகளை ஓட்டிப் பார்த்தாங்க. அதுல இருந்து வந்த கணக்கு: ஆக்சில் மேல எடை ஏறினா, சேதம் அந்த விகிதத்தோட நாலாம் மடிக்கு ஏறும். பின் ஆக்சில் ஜோடியில 21-க்கு பதிலா 26 டன் உக்காந்தா, எடை கால் பங்கு தான் கூட. சேதம் ரெண்டு மடங்குக்கு மேல. கிரஷர் ரோடுகளைப் போய்ப் பாருங்க, லோடு வண்டி போற பக்கம் மட்டும் சக்கரத்தடம் பள்ளமா இருக்கும். காலியா திரும்பற பக்கம் நல்லாவே இருக்கும்.

பழைய2518:
சரி, ரோடு பாவம்னே வைப்போம். அப்ப 28 டன் வண்டிக்கு 16 கன மீட்டர் பாடி எதுக்கு வைக்கறாங்க? அது அஞ்சரை யூனிட்டுக்கு மேல பிடிக்கும். ரொப்பாதேன்னு சொல்றவங்க, ரொப்பற அளவுக்குப் பாடியை ஏன் குடுக்கறாங்க?

எடைமேடை_நைட்ஷிப்ட்:
நல்ல கேள்வி, ஆனா பாடி மணலுக்கு மட்டும் செஞ்சதில்லையே. அதே பாடியில நிலக்கரி ரொப்புங்க, 14 டன் பக்கம் தான் வரும், சட்டத்துக்குள்ள. எம்-சாண்ட் ரொப்பினா 25 தாண்டும். பாடிக்கு உள்ள என்ன சரக்குன்னு தெரியாது, ஆக்சிலுக்குத் தெரியும்.

வீடு_பாதியில்:
நடுவுல வரேன், மன்னிக்கணும். நான் வாங்கற ஆள். அஞ்சு யூனிட்னு சீட்டு வரும், டேப் பிடிச்சா நாலரை கூடத் தேறமாட்டேங்குது. கேட்டா, "வர்ற வழியில அமுங்கிருச்சு சார்"ங்கறாங்க. நிசமா?

ரோட்டுப்பக்கம்:
பாதி நிசம். ஈரப்பதமா இருக்கற மணல் உப்பி இருக்கும், இடத்தை அடைக்கும், எடை இருக்காது. ஆட்டத்துல அமுங்கவும் செய்யும். அதனால தான் டன்னுல வாங்குங்கன்னு சொல்றது. அதுலயும் ஒரு சிக்கல்: கழுவின எம்-சாண்டை சொட்டச் சொட்ட ஏத்தினா தண்ணிக்கும் சேர்த்துக் காசு குடுப்பீங்க. முந்தின நாள் கொட்டி வடிஞ்சதைக் கேளுங்க.

பழைய2518:
எல்லாரும் எடையவே பேசறீங்க, இறக்கறதைப் பேசலையே. தம்பி, பன்னிரண்டு சக்கரம் உன் நடைக்கு ஒத்து வராது. 20 அடிச் சந்துக்குள்ள திருப்பமுடியாது, முன்னாடி நாலு டயரும் ரோட்டைத் தேச்சுத் தேய்ஞ்சுரும். டோல்ல மூணு ஆக்சிலை விட நாலு ஆக்சிலுக்கு ஒண்ணரை மடங்கு பக்கம் வாங்கறான். பெரிய கட்டட வேலை, பெரிய சைட்டுனா எடு. வீட்டு லோடுனா பத்துச் சக்கரம் தான்.

லோடு விசயத்துல ஒண்ணு ஒத்துக்கறேன். ஒருதரம் புதுசா மண் ரொப்பின சைட்டுல சரக்கைக் கொட்டப் பாடியைத் தூக்கினேன். ஈர மணல். வலப்பக்கம் சரிஞ்சு இறங்கிருச்சு, இடப்பக்கம் அப்படியே ஒட்டி நிக்குது. இடது பின் டயர் மெதுவா மண்ணுல இறங்குது, கண்ணாடியில பாடி சாயறது தெரியுது. பேருக்கு அஞ்சு யூனிட், நிசத்துல அதுக்கும் மேல. கையெல்லாம் வேர்த்துருச்சு. லிவரை இறக்கி, பாடி கீழ உக்கார்ற வரைக்கும் மூச்சு விடலை. நாலு யூனிட்டா இருந்திருந்தா அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

பல்லடத்துக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ஒரு காரியம் பண்ணேன். சிநேகிதன் வண்டி பத்துச் சக்கரம், காலி எடை 11 டன்னுனு தான் இத்தனை நாளா சொல்லிட்டிருந்தான். கூட்டிட்டுப் போய் எடைமேடையில ஏத்தினேன். 11,940.

எடைமேடை_நைட்ஷிப்ட்:
பாடிக்குள்ள ஏறிப் பாத்தீங்களா?

பல்லடத்துக்காரன்:
ஏறினேன்ங்ணா. முன் மூலை ரெண்டுலயும் எம்-சாண்ட் தூள் இறுகி சிமெண்ட் மாதிரி நிக்குது. கிளீனர் பையன் கடப்பாரையால தட்டியே கை காச்சுப் போச்சு. மறுபடி ஏத்தினோம், 11,560. அப்ப மிச்சம் 16 டன் 440 கிலோ, மூணே முக்காலும் இல்ல, மூணரை யூனிட் கொஞ்சம் கூட. அந்தளவுக்கு வாடகை பேச முடியற பார்ட்டி ரெண்டு பேர் கிடைச்சா பத்துச் சக்கரம் எடுக்கறேன். இல்லாட்டி இன்னொரு வருசம் அடுத்தவன் வண்டி தான்.

வீடு_பாதியில்:
ஒரு நிமிசம். அந்த 380 கிலோ மூலையில ஒட்டிக்கிட்டு இருந்த நடையெல்லாம், அதுக்கும் சேர்த்து யூனிட் கணக்குல காசு குடுத்தது யாரு?

பழைய2518:
சார், நீங்க தான்.