வேல்ஸ் சமையல், நம்ம புளிப்பு: கைச்செலவு குறைத்த அனுபவங்கள்

ஸ்வான்சியிலிருந்து:

மாதக் கடைசியில் பர்ஸ் காலியாகும்போது என்ன சமைப்பது என்று இங்கே, பிரிட்டனின் வேல்ஸுக்கு, படிக்க வரும் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: இந்த ஊர் ஏழை வீட்டு அடுப்பைப் பாருங்கள். ஓட்ஸ், லீக்ஸ் (வெங்காயத்தாள் மாதிரி, ஆனால் தடித்த தண்டுக் காய்), உருளைக்கிழங்கு, மோர், காய்ந்த ரொட்டி. சுரங்கத் தொழிலாளர் வீடுகளும் மலையோரத்து விவசாயிகளும் இதை வைத்துத்தான் பிள்ளை வளர்த்தார்கள். புளிக்க வைக்கத் தெரிந்த நமக்கு இது சட்டென்று கைவரும்.

லீக்ஸில் வெள்ளைத் தண்டை எடுத்துக்கொண்டு பச்சை இலையைக் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு மனசே கேட்காது, ஊறப்போட அதுதான் முதல் தரம். சாயங்காலம் கடையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்திருப்பார்கள், அப்போது வாங்குங்கள். இலை இடுக்கில் மண் ஒளிந்திருக்கும், விரித்துப் பிடித்துக் கழுவ வேண்டும். மெலிசாக நறுக்கி எடை போட்டு, 500 கிராமுக்கு 10 கிராம் உப்பு. பிசையப் பிசைய முதலில் கிறீச்சிடும், அப்புறம் துவண்டு விரலிடுக்கில் பச்சைத் தண்ணீர் வழியும். அதோடு ஜாடியில் அமுக்கி, மேலே ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரைப் பாரமாக வையுங்கள். இலை தண்ணீருக்கு அடியில் கிடந்தால்தான் காற்றுப் படாமல் லாக்டிக் அமில பாக்டீரியா வேலை செய்யும். வெளியே தலை நீட்டினால் பூஞ்சை பிடிக்கும். தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விடுங்கள். முதல் சில நாள் வாடை தூக்கலாக இருக்கும், அறைத்தோழர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. வாரம் பத்து நாளில் புளிப்பு இறங்கியதும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுவேன். இடித்த கடுகும் மிளகாய்த்தூளும் முதலிலேயே சேர்த்தால் தயிர்சாதத்துக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இதைப் பிழிந்து கிளாமோர்கன் சாசேஜில் போடுகிறேன். பெயரில்தான் சாசேஜ், கறியே கிடையாது. கெர்ஃபிலி சீஸ், லீக்ஸ், ரொட்டித்தூள், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரில் கறிக்கு ரேஷன் வந்தபோது வீட்டுக்கு வீடு கைகொடுத்த பண்டம். கெர்ஃபிலி விலை கட்டுப்படியாகாவிட்டால் செடார் சீஸ் போதும். முட்டைக்குப் பதில் கொஞ்சம் கடலை மாவு, ஒரு சிட்டிகை சோம்பு. ஊறிய லீக்ஸ் சேர்ந்தால் சீஸின் திகட்டல் போய்விடுகிறது.

ஸ்வான்சி மார்க்கெட்டில் லேவர்பிரெட் எடை போட்டு விற்பார்கள். பெயரைப் பார்த்து ரொட்டி என்று நினைக்க வேண்டாம். கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்த கரும்பச்சை விழுது, வழவழவென்று இருக்கும், கடல் வாசம் தூக்கும். இந்த ஊரில் ஓட்ஸ் மாவில் புரட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். நான் பச்சை மிளகாய், வெங்காயம் கலந்து தட்டி நல்லெண்ணெயில் சுடுகிறேன். உப்பு ஏற்கெனவே இருக்கலாம், ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ரெக்ஸ்ஹாம் பக்கத்திலிருந்து:

அக்கா சொன்னதோடு வடக்கு வேல்ஸின் லம்ரி என்ற புளித்த ஓட்ஸ் கூழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓட்ஸ் குருணையைத் தண்ணீரும் மோரும் விட்டுச் சில நாள் ஊறப்போட்டு, புளித்ததும் வடிகட்டி, வடிந்த ஓட்ஸ் பாலைக் கைவிடாமல் கிண்டிக் காய்ச்சுவது. குளிர்ந்த பால் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பாட்டி வீட்டுக் கேழ்வரகுக் கூழ் வாசனை வந்துவிட்டது.

நான் ஒரு கப் குருணைக்கு மூன்று கப் தண்ணீர், ஒரு கரண்டித் தயிர் விட்டு ரேடியேட்டர் பக்கத்தில் வைக்கிறேன். காய்ச்சும்போது முதலில் நீர்க்க ஓடும், திடீரென்று கரண்டி கனக்கும். அப்போது அடுப்பைக் குறைக்காவிட்டால் அடிபிடிக்கும். ஆறியதும் உப்பு, மோர், நறுக்கிய வெங்காயம் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு நைட் ட்யூட்டிக்குப் போனால் விடியும்வரை வயிறு பேசாது. வடிகட்டியில் தங்கும் சக்கையைக் கொட்டாதீர்கள், அடை மாவில் சேருங்கள்.

வெந்த உருளைக்கிழங்கின் மேல் குளிர்ந்த மோரை ஊற்றிச் சாப்பிடும் வழக்கமும் இங்கே உண்டு, டாட்டுஸ் லாய்த் என்பார்கள். அதன்மேல் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினேன். பாட்டி கிண்ணத்தை மறுபடி நீட்டினார்.

கார்டிஃபிலிருந்து:

யாழ்ப்பாணத்து ஆளான எனக்கு லீக்ஸ் புதுச் சாமான் இல்லை, நுவரெலியா லீக்ஸில தேங்காய்ப்பூ போட்டு வறை செய்து வளர்ந்த வீடு எங்கட. இங்க நான் பிடிச்சுக்கொண்டது கவுல். ஆட்டுக் கழுத்தெலும்பு, ஸ்வீடு (swede) எண்ட டர்னிப் மாதிரிக் கிழங்கு, உருளைக்கிழங்கு, லீக்ஸ் போட்டு மெதுவா அவிக்கிற சூப்பு. அடுத்த நாள் சூடாக்கினால்தான் ருசி எண்டு இந்த ஊர்ச் சனமே சொல்லும். நான் மிளகும் சீரகமும் இடிச்சுப் போடுறன். ஸ்வான்சித் தங்கச்சி சொன்ன புளிச்ச லீக்ஸை அடுப்பை நிப்பாட்டி, கோப்பையில ஊத்தின பிறகு மேல போடுங்கோ. கொதிக்கவிட்டால் அதின்ர மொறுமொறுப்புப் போயிடும்.